ஒரு வளவில் இரண்டு அடுப்பு

மட்டக்களப்புக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒருகாலமும் ஆசை இருந்ததில்லை. 2010 ஓகஸ்ட் மாதம் அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன், அவ்வளவுதான். மென்பொருள் செய்யும் முறையைத் திருத்தினால் அதன் தரம் எப்படி உயரும் என்பது வகுப்பின் விஷயம். கொழும்பில் ஒரு கம்பனியில் தரப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பது என் தொழில். என் பிழை ஒன்று ஐந்து வருடமாக மட்டக்களப்பில் இருந்தது எனக்குத் தெரியாது. கடற்கரைப் படம் பார்க்க வந்தவர்கள் பாசிக்குடாவைப் பற்றி வேறு யாராவது எழுதியதை வாசித்துக்கொள்ளுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை 6.05க்கு ரயில். இரண்டாம் வகுப்பு 500 ரூபா. நான் போன அன்று மட்டக்களப்பைச் சேரும்போது பின்னேரம் நாலு மணியாகிவிட்டது. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். ரயிலில் ஏறி விற்கிற வடை மாகோ வரைக்கும் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு அதே வடைதான் திரும்பத் திரும்ப வரும். வெலிக்கந்தை தாண்டியதும் காவலரண்கள் வரத் தொடங்கின. யுத்தம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தாலும் அடையாள அட்டையைக் கைக்கெட்டிய பையில் வைத்திருப்பது நல்லது. வாவிப் பக்கமாக ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். ஒரு நாளைக்கு 1,200 ரூபா, மின்விசிறி உண்டு, நுளம்பும் உண்டு.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பிழைகளை எப்படிப் பதிவது, எதை அவசரம் என்று பிரிப்பது, வெளியிடுவதற்கு முன் யாரிடம் கொடுத்துச் சோதிப்பது என்றெல்லாம் பேசிவிட்டு, எல்லா வகுப்பிலும் சொல்கிற என் பழைய கதையை எடுத்துவிட்டேன். 2005 ஜனவரி, சுனாமியில் கடல் வந்து மூன்று கிழமை. கொழும்பில் நாங்கள் ஐந்து நண்பர்கள் இரவல் அறை ஒன்றில் இருந்து, ஒன்பதே நாளில் முகாம் மக்களைப் பதிவதற்கு ஒரு மென்பொருள் எழுதினோம். ஒரே குடும்பம் இரண்டு தரம் பதிந்து இரண்டு வீடு வாங்கிவிடும் என்று உதவி கொடுப்பவர்களுக்குப் பயம். அதனால் பழைய முகவரி ஒன்றுக்கு ஒரு குடும்பம்தான் என்று நான் ஒரு விதி எழுதினேன். சோதிப்பதற்கு நாங்களே பெயர்களைக் கற்பனை செய்தோம். வெள்ளவத்தை ஒழுங்கை முகவரிகள், அதிலும் மாடி வீடுகள். இரட்டைப் பதிவு ஒன்றுகூட வரவில்லை. அதைக் காட்டித்தான் எனக்கு இப்போதைய வேலையே கிடைத்தது. பிறகு பார்த்தால் சில இடங்களில் ஒரே முகவரியில் இரண்டு குடும்பம் இருந்திருக்கிறது, அடுத்த பதிப்பில் திருத்திவிட்டோம் என்று முடிப்பேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் சுதர்சினி. இப்போது ஓர் அலுவலகத்தில் தரவுப் பகுதியில் வேலை செய்கிறார், வயது இருபத்தைந்து இருக்கும்.

"சேர், அந்தப் பதிவ முகாமில நான்தான் அடிச்சன். முதல் கிழமையே உங்களுக்கு எழுதினன். பிழைப் பட்டியல்ல நாப்பத்தேழாவது."

எனக்கு நினைவில்லை என்றேன். அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளுக்குத் தாயின் வளவுக்குள்ளேயே, ஒரே வேலிக்குள், வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள், கலியாணம் முடித்த மாப்பிள்ளை அங்கேதான் வந்து இருப்பார், ஆகவே ஒரு வளவில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும், இரண்டாவது குடும்பத்தைப் பதிய மென்பொருள் விடுகிறதில்லை என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே நான் எழுதிய பதிலையும் சொன்னார். "மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது. மூடப்பட்டது."

அன்றைக்கு அதற்குப் பிறகு என்ன படிப்பித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் மிச்சத்தைச் சொன்னார். அவர் நாவலடிக்காரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு கீலம்போலக் கிடக்கும் ஊர் அது. அங்கே யாரை இழந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, நாவலடிக்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அவர்களுடைய ஒழுங்கையிலேயே ஒரு வளவில் புவனம், யோகராணி என்று அக்காவும் தங்கையும் இரண்டு வீட்டில் இருந்தார்கள். புவனம் முதலில் பதிந்தார். யோகராணியின் குடும்பத்தை மென்பொருள் எடுக்கவில்லை. பதிந்தவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பட்டியல் வந்தபோது அக்காவுக்குத் திராய்மடுவில் கட்டிய புது வீடு, தங்கைக்கு ஒன்றுமில்லை. பட்டியலில் இருந்து தன் பெயரை அக்காதான் யாரையோ பிடித்து வெட்டுவித்துவிட்டா என்று யோகராணி நம்பினார். தற்காலிகக் கொட்டிலை மூடியபோது வேறு வழியில்லாமல் புருசனின் ஆட்களுடைய காணிக்கு, வெல்லாவெளிப் பக்கம் போனார்கள். 2007 ஆரம்பத்தில் அங்கே ஷெல் விழுந்தது. இடம்பெயர்ந்து வருகிற வழியில் புருசன் செத்துப்போனார். அன்று முதல் அக்காவோடு ஒரு பேச்சு இல்லை.

"நீங்க சொல்லவில்லையா, பிழை மென்பொருளில் என்று?"

"மூணு தரம் சொன்னன் சேர். கணனி பிழை விடுமா, ஆக்கள்தான் விடுவாங்க எண்டு சொல்லிட்டா. செய்த ஆளே வந்து சொன்னா ஒருவேள நம்புவா."

வகுப்பு முடிந்த மறுநாள் காலை எனக்குத் திரும்பிப் போக ரயில். பயணச்சீட்டைக் கிழித்துப்போட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. போய் உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள், நானும் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வரலாம் என்று.

ஏறாவூர்க்காரர் அன்வர் நானாவின் ஓட்டோவை நாள் முழுதுக்கும் 3,000 ரூபாவுக்குப் பேசினோம். காலை 6.30க்குப் புறப்பாடு. கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை வீதியில் தெற்கே முப்பது கிலோமீட்டர் அளவு போனால் குருமண்வெளித் துறை. அங்கே வாவியைக் கடக்க இருக்கிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். ஓட்டோவையும் ஏற்றும். ஏறும்போது எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அக்கரை மண்டூருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. வாவி அசையாமல் கிடந்தது. கச்சான் காற்று தொடங்குமுன் காலையிலேயே கடப்பது நல்லது.

நாங்கள் போகிற காரியத்தைச் சுதர்சினி அன்வர் நானாவுக்குச் சொன்னார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வளவுக்க ரெண்டு ஊடு இரிக்காதா? நம்மட ஊருலயும் அப்பிடித்தான் சேர். உம்மாக்கு நாலு பொம்புளப் புள்ள எண்டா நாலு ஊடு. இத ஆருட்டக் கேட்டாலும் செல்லியிருப்பாங்களே."

உண்மைதான். ஆரிடமும் கேட்கவில்லை. ஐந்து பேர், ஒன்பது நாள், முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு தொலைபேசிகூட எடுக்கவில்லை.

மண்டூரிலிருந்து வெல்லாவெளிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் வீதி குழியும் குண்டுமாக இருந்ததால் முக்கால் மணித்தியாலம் போனது. இரண்டு பக்கமும் வயல்வட்டை, சிறுபோகம் வெட்டுகிற நேரம். இடையிடையே கூரையில்லாத சுவர்கள். யோகராணி வெல்லாவெளிச் சந்தியிலிருந்து உள்ளே, தகரம் போட்ட ஒரு அறை வீட்டில் இருந்தார். நாற்பது வயது சொல்லலாம். முற்றத்தில் பாய் விரித்து நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். சுதர்சினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் யார் என்று கேட்டபோது சுதர்சினி என்னைப் பார்த்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். நான் எழுதிய மென்பொருள் அக்கா, ஒரு முகவரிக்கு ஒரு குடும்பம் என்று நான்தான் எழுதினேன், உங்கள் பெயரை ஒருவரும் வெட்டவில்லை, பெயர் உள்ளே ஏறவே இல்லை, சுதர்சினி அப்போதே சொன்னதையும் நான் கேட்கவில்லை.

அவர் நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை. பாயின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"அப்ப அக்கா வெட்டல்லயா?"

"இல்லை அக்கா."

"நீங்க அதத் திருத்தினீங்களா?"

"திருத்தினோம். அடுத்த பதிப்பில்."

"எப்ப?"

"இரண்டு மாதம் கழித்து."

"வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கினது?"

இதற்குச் சுதர்சினிதான் பதில் சொன்னார். "அதுக்கு முதல் கிழம கா."

யோகராணி பாயின் ஓரத்தில் குந்திவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இவர் போய் எட்டுச் சிலவுச் சடங்கு முடிஞ்ச கையோட நான் திராய்மடுவுக்குப் போனன் தம்பி. எங்கட வழமையில பொம்பிள புருசன்ட வளவில போய் இரிக்கிறல்ல. என்ன அப்பிடி இரிக்க வச்சவ, இவரையும் இஞ்ச கொண்டுவந்து சாகக் குடுத்தவ எண்டு அவட வாசல்ல நிண்டு மண்ண அள்ளித் தூத்தினன். என்ட புருசன் போன மாதிரி உன்ட புள்ளையும் போகட்டும் எண்டு சொன்னன். மறுகா அவட மூத்தவன் வன்னியில அம்பிட்டான். கடைசிச் சண்டையோட ஒரு செய்தியும் இல்ல. இருக்கானோ, இல்லையோ."

சுதர்சினிக்கும் இது தெரியாது என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"அவ செய்தவ எண்டு நெனச்சிருந்த வரைக்கும் எனக்கு ஒரு நியாயம் இருந்திச்சி," என்றார் யோகராணி. "இப்ப என்ன இரிக்கி? ஒண்டும் செய்யாதவட புள்ளைக்கு மண் அள்ளிப் போட்டிரிக்கன். நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

நான் பாரத்தை இறக்கிவைக்க வந்தவன். அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் அந்த மனுசியின் தலையில் வைத்துவிட்டேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தச் சொல் அந்த இடத்துக்குப் போதாமல் இருந்ததால் சொல்லாமல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி, நெல்லைக் குவித்துச் சாக்கால் மூடினார். உள்ளே போய் வேறு சீலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கூட்டிட்டுப் போங்க," என்றார்.

திரும்பும்போது பட்டிருப்புப் பாலத்தால் வந்தோம், பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. களுவாஞ்சிகுடியில் அன்வர் நானா நிறுத்தி எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க விடவில்லை. யோகராணி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்து அப்படியே திருப்பிக் கொடுத்தார். திராய்மடுவைச் சேர ஒரு மணி. நகரத்திலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். எல்லாம் ஒரே அச்சு வீடுகள், புதிதாகப் போகிறவருக்குத் தானே கண்டுபிடிக்க முடியாது.

யோகராணி படலைக்கு வெளியே நின்றுவிட்டார். மண் அள்ளிய இடம் அதுவாக இருக்க வேண்டும். சுதர்சினி உள்ளே போய்ப் புவனத்தைக் கூட்டி வந்தார். தங்கையைவிட நாலைந்து வயது மூப்பு, தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் தரமாக எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே போனார். கடைப் பை ஒன்றோடு திரும்பி வந்து என் கையில் தந்தார். உள்ளே மூன்று விண்ணப்பப் படிவங்கள், மூன்றிலும் யோகராணியின் பெயர், மூன்றிலும் வெவ்வேறு நாளில் குத்திய முத்திரை.

"அவள்ட பேர் இல்ல எண்டு தெரிஞ்ச உடன நான்தான் போனன். மூண்டு தரம் போனன். கணனி எடுக்குதில்ல எண்டாங்க. திரையக் காட்டினாங்க, குடும்பம் ஏற்கெனவே பதிஞ்சாச்சு எண்டு கிடந்திச்சி."

"இக்குடும்பம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது." அந்த வசனம் என்னுடையது. அதன் தமிழ் நல்ல சுத்தமாக இருக்கிறது என்று அந்த நாளில் நண்பர்கள் பாராட்டினார்கள்.

"ஏங்கா என்னட்டக் காட்டல்ல?" என்றார் யோகராணி, படலைக்கு வெளியே நின்றபடி. மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவோடு பேசிய முதல் பேச்சு.

"நீ எங்க காட்ட விட்ட? பட்டியல் வந்ததில இருந்து நான் சொன்ன ஒண்டையும் கேக்கல்ல. வந்த, மண்ண அள்ளின, போன."

பிறகு புவனம் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தம்பி, நீங்க படிச்ச புள்ள. ஒருக்கா வந்து பாத்திருந்தா எங்கட வளவில ரெண்டு அடுப்பு எரியிறது தெரிஞ்சிருக்கும். வளவில எத்தின குடும்பம் எண்டு கேக்கிறதுக்கு எங்களுக்கு முகவரி ஒண்டும் தேவல்ல. எத்தின அடுப்பு எண்டுதான் கேப்பம்."

தர மேம்பாடு பற்றி நான் படித்த படிப்பும் எடுத்த வகுப்பும் அந்த நாலு வசனத்துக்குள் அடங்கிவிடும். படிவங்களை மறுபடி பைக்குள் வைத்து அவரிடமே கொடுத்தேன்.

யோகராணி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அக்காவைக் கடந்து நேரே வீட்டுக்குள் போனார். நாங்கள் வாசலோடு நின்றோம். முன் அறைச் சுவரில் பையன் ஒருவனின் படம் மாட்டியிருந்தது, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியோடு. மாலை இல்லை, விளக்கும் இல்லை. செய்தி வராத பிள்ளைக்கு அதெல்லாம் வைக்க மாட்டார்கள். யோகராணி அதன் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் சீலையில் துடைத்தார்.

"மகன், சின்னம்மா சொன்னதெல்லாம் பொய்," என்றார். "ஒண்டும் பலிக்கா. நீ வந்திரு ராசா."

புவனம் வாசல்படியில் இருந்து தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். சுதர்சினி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் ஓட்டோவுக்குப் போய்விட்டேன், அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. நாலு மணி வரைக்கும் காத்திருந்தோம். யோகராணி வரவில்லை. அவர் இன்றைக்கு இங்கே நிற்பார் என்று சுதர்சினி வந்து சொன்னார். வெல்லாவெளியில் காயப்போட்ட நெல்லை யார் பார்ப்பது என்று அன்வர் நானா கவலைப்பட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரயிலில் கிழக்குப் பக்க யன்னல் எடுத்தால் வாழைச்சேனைக்குப் பிறகு நீர்ப்பரப்புகள் தெரியும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவதென்றால் காலையில் போங்கள், பின்னேரம் பாதைக்கு வரிசை நீளம். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். திராய்மடுவுக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், முதல் வரி எழுதுவதற்கு முன் ஒரு பயணச்சீட்டு வாங்குங்கள். போய், அதைப் பாவிக்கப் போகிற ஆட்களின் வளவுக்குள் ஒருநாள் இருங்கள். எங்கள் கம்பனியில் இப்போது அப்படி ஒரு முறை கொண்டுவந்திருக்கிறேன், செலவு என்று மேலிடம் முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும். இன்னொன்று, பிழையை முறையிட்டவர் சரி என்று சொல்லாமல் அதை ஒருவரும் மூட முடியாது. இந்த இரண்டும் முன்பே இருந்திருந்தால் என்ற கணக்கை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து பழைய பிழைப் பட்டியலைத் தேடி எடுத்தேன். நாற்பத்தேழாம் இலக்கத்தை மறுபடி திறந்து வைத்திருக்கிறேன். அதை முறையிட்டவர் சுதர்சினி, ஆகவே மூடலாமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு தரம் தொலைபேசியில் பேசுவோம். சகோதரிகள் இருவரும் திராய்மடுவில் ஒன்றாக இருக்கிறார்கள், பின்பக்கம் இரண்டாவது அடுப்பு வைத்தாகிவிட்டது என்று போன மாதம் சொன்னார். புவனத்தின் பொடியனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல சேர்," என்றார். "திறந்தே வச்சிருங்க."